குதிரைப் படிப்பு

ஜூன் 9

பிஎச்.டி. சேர்க்கைப் பட்டியல் இன்னும் வரவில்லை.

ஜூன் 10

ஆச்சியை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள், அசையக் கூடாது. முன்னறையில் முருகன் படத்துக்கு எதிரே கட்டில் போடச் சொன்னாள். காலண்டராக வந்த படம்தான். தேதித்தாள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, படத்துக்கு மட்டும் தாத்தா சட்டம் போட்டு வைத்தார். மயில் கழுத்து நீலம் இன்னும் மங்கவில்லை. கீழ் மூலையில் கொண்டையராஜுவின் கையெழுத்து. நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிய கை அது. அவர் கோவில்பட்டியில் உட்கார்ந்து வரைந்தார், சிவகாசி அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியது. ஓவிய வரலாறு என்று நான் படித்த புத்தகங்களில் ரவிவர்மாவை விட்டால் அடுத்தது சென்னைக்குப் பக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமம். நடுவில் எங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் விடுபட்டுப் போயின. இது எனக்கு ஆறவே இல்லை.

ஜூன் 12

தூக்கம் இல்லை. நேர்காணலில் நடுவில் இருந்தவர் கேட்டது திரும்பத் திரும்ப வருகிறது. “நீங்கள் தமிழ் எம்.ஏ. சிறுகதையா, சினிமாவா, சுவரோவியமா? ஒன்றைச் சொல்லுங்கள்.” ஒன்றைச் சொல்ல முடியாது என்றேன். ஒரு கதை எழுத்திலிருந்து படத்துக்குக் கை மாறும்போது யார் முன்னுக்கு வருகிறார்கள், யார் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு வாசிக்கவும் தெரிய வேண்டும், பார்க்கவும் தெரிய வேண்டும் என்றேன். அவர் தலையாட்டவில்லை. வேறு யாரோ எழுதிக்கொண்டார்கள்.

ஜாதவ்பூரில் 1993-லேயே திரைப்படத்துக்கென்று தனித் துறை வந்துவிட்டது. டெல்லி ஜே.என்.யு.வில் சினிமா, காட்சிக்கலை, நாடகம் மூன்றும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. அப்புறம் ஏன் அந்த முகம் அப்படி இருந்தது?

ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். எங்காவது சேர்ந்தால்தான் அது கைக்கு வரும். ஆச்சிக்கு ஆள் வைக்கலாம்.

ஜூன் 13

சாரல். பட்டியல் வரவில்லை.

ஜூன் 15

அத்தை வந்து ஆச்சியைப் பார்த்துக்கொண்டதால் திருப்புடைமருதூர் கோயிலுக்குப் போய் வந்தேன். ராஜகோபுரத்துக்கு உள்ளே ஏறினால் ஐந்து நிலையிலும் சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம், தூணிலும் உத்தரத்திலும் மரச்சிற்பம். வௌவால் நாற்றம். செல்போன் வெளிச்சத்தில் ஒரு முழம் சுவர்தான் தெரிகிறது, அதனால் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். ஒரே பட்டையில் அதே ஆள் மறுபடி மறுபடி வருகிறான். நாம் நடக்க நடக்கக் கதை நகர்கிறது. குதிரை ஏற்றிவந்த கப்பலுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். அரபு வணிகர்கள், குதிரைகள், அடியில் கடல். கடல் பார்க்க முடியாத தாமிரபரணிக் கரையில் அதை எழுதியவன் யாரைக் கேட்டு எழுதினான்? காவிச் சிவப்பு அப்படியே இருக்கிறது. காரை உதிர்ந்த இடத்தில் ஒரு குதிரைக்கு முகமே இல்லை.

திரும்பி வந்ததும் ஆச்சி, “ஏட்டி, அந்தக் குதிரைப் படிப்பு என்னாச்சு?” என்றாள். நாளைக்குத் தெரியும் ஆச்சி என்றேன்.

ஜூன் 16

தெரியவில்லை.

ஜூன் 18

‘சிற்றன்னை’யை மறுபடி வாசித்துவிட்டு ராத்திரி ‘உதிரிப்பூக்கள்’ பார்த்தேன். புதுமைப்பித்தன் தலைப்பையே சித்திக்குக் கொடுத்தார். மகேந்திரன் 1979-ல் அதை எடுத்தபோது எல்லாப் பாரத்தையும் அப்பன் மேல் ஏற்றினார். படத்தில் லட்சுமி நோயோடு கிடந்து சாகிறாள், அதற்கப்புறம்தான் சித்தி உள்ளே வருகிறாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. யார் கெட்டவர் என்று எழுத்து சொன்னதை சினிமா இடம் மாற்றிவிட்டது, எவ்வளவு பெரிய காரியம்! ஒளிப்பதிவாளர் அசோக்குமாரின் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்த பிறகு கதையைப் பழையபடி வாசிக்க என்னால் முடியவில்லை. இதைத்தான் அவர்களிடம் சொல்லியிருப்பேன், நேரம் கொடுத்திருந்தால்.

புதுமைப்பித்தன் இதைப் பார்க்கவில்லை. நெல்லை இந்துக் கல்லூரியில் படித்தவர், ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே போனார், காசநோயோடு திரும்பி 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். சினிமாவுக்குப் போன எழுத்தாளர் என்று அவரைச் சொல்வார்கள், பாதியில் நின்ற ஆள் என்று எனக்குத் தோன்றும்.

ஜூன் 20

ஆச்சிக்குக் காய்ச்சல். 101. தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறது. சித்தப்பா ஆட்டோ கொண்டு வருகிறேன் என்றார், டாக்டர் காலையில் பார்க்கலாம் என்கிறார். இன்று இணையப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

ஜூன் 21

சலம் வைக்கவில்லையாம். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். கொண்டையராஜு வரைந்த முருகனின் கண் எந்தப் பக்கம் படுத்தாலும் தன்னைத்தான் பார்க்கிறது என்கிறாள். இதை எழுதி வைக்க வேண்டும், ஆய்வில் இதற்கு இடம் வேண்டும்.

ஜூன் 23

கூடப் படித்தவள் போன் செய்தாள். பட்டியல் இன்று மாலை வருகிறதாம், மொத்தமே நாலு இடமாம். ஐந்து மணிக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வருகிறார். வெந்நீர் வைக்க வேண்டும், அத்தையை வரச் சொல்லி