விலாங்கு அணிக்கு ரசிகராவது எப்படி: மேற்கு சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, வெஸ்ட்மீட் என்று சிட்னியின் மேற்கே வீடு பார்த்துக் குடிவருகிறவர்களிடம் வீட்டுத் தரகர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு: இது பரமட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் அணியின் மண். கிரிக்கெட் தெரிந்தால் ஆஸ்திரேலியாவில் சமாளித்துவிடலாம் என்ற நினைப்போடுதான் பலரும் வருகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் சமாளிக்கலாம். மார்ச் பிறந்ததும் ஆபீஸ் சாப்பாட்டு அறையிலும் பள்ளிக்கூட வாசலிலும் பேச்சு ரக்பி லீக் பக்கம் திரும்பிவிடும். அக்டோபர் முதல் ஞாயிறு இறுதிப்போட்டி முடியும்வரை அதே பேச்சுதான்.

ஈல் என்றால் விலாங்கு. பரமட்டா என்ற ஊர்ப் பெயரே விலாங்குகள் கிடக்கும் இடம் என்ற பொருளில் இம்மண்ணின் ஆதிக்குடிகளான தருக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கை நம் ஊரில் நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. இந்த அணியின் ரசிகர் கூட்டத்திலும் அந்தக் குணத்துக்கு இடமில்லை. பக்கத்து ஊர் பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பை வென்றது. அதைப் பார்த்து அந்தப் பக்கம் தாவியவர்களை இரு தரப்பும் மதிக்கவில்லை. குடியிருக்கும் ஊரின் அணியை எடுத்துக்கொண்டால் ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கண்டியிலோ கொழும்பிலோ ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அது ரக்பி யூனியன். பக்கத்துக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை வரிசைகட்டி நின்று எறிந்து பிடிக்கும் லைன் அவுட் கிடையாது, கீழே கிடக்கும் பந்துக்கு மேல் குவிந்து தள்ளுமுள்ளும் கிடையாது. கபடி தெரிந்தவர்களுக்கு இது சுலபம். அங்கே பிடிபட்டால் ஆள் வெளியே. இங்கே பிடிபட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்பவர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடருவார். இப்படி ஆறு முறை பிடிபடலாம். அதற்குள் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை. ஆறாவதிலும் சிக்கினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

புதியவர்கள் ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இந்த ஆறு எண்ணிக்கையை. சொந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கிடைத்ததும் முதல் இரண்டு மூன்று முறை கனத்த உடம்புக்காரர்கள் நேரே போய் மோதுவார்கள். பார்க்க மூளையில்லாத வேலை போலத் தெரியும். ஒவ்வொரு பிடிக்கும் பிறகு தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி வரிசைகட்ட வேண்டும் என்பது விதி. பிடிபட்டவர் சட்டென்று எழுந்து பந்தை உருட்டிவிட்டால் அந்த வரிசை அமைவதற்குள் அடுத்தவர் பாய்ந்துவிடுவார். அதனால்தான் தடுப்பவர்கள் கீழே விழுந்தவர் மேல் ஒரு விநாடி கூடுதலாகப் படுத்துக்கிடக்கிறார்கள். அளவு மீறினால் நடுவர் கையை ஆட்டுவார், மணியடிக்கும், எண்ணிக்கை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 2020இல் வந்த இந்த ‘சிக்ஸ் அகெய்ன்’ ஆட்டத்தின் வேகத்தையே மாற்றிவிட்டது.

ஐந்து பிடி முடிந்ததும் அரங்கம் முழுக்க ‘லாஸ்ட்!’ என்று குரல் எழும். அப்போது பந்து உதைக்கத் தெரிந்தவரின் கைக்குப் போகும். உயரத் தூக்கி உதைத்தால் பாம். தரையோடு உருட்டினால் கிரப்பர். உதை நீண்டுபோய் எதிரணியின் கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டால் நஷ்டம் பெரிது. எதிரணி 20 மீட்டர் கோட்டில் தொடங்கும், அதுவும் ஆறுக்குப் பதில் ஏழு வாய்ப்போடு. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வது அதற்குத்தான். மாறாக, தன் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்த பந்து உள்ளே ஒரு தடவை குத்தி எதிரணியின் கடைசி 20 மீட்டருக்குள் பக்கக் கோட்டைத் தாண்டினால், பந்து உதைத்த அணிக்கே திரும்பக் கிடைக்கும். ‘ஃபார்ட்டி ட்வென்ட்டி’ என்பார்கள். ஒரு டிரைக்கு விழும் கைத்தட்டலில் பாதியாவது அதற்கு விழும்.

புள்ளிக் கணக்கில் குழப்பமில்லை: டிரை 4, அதன்பின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 2, பெனால்டி உதை 2, ஆட்டத்தின் ஓட்டத்தில் உதைக்கும் ஃபீல்ட் கோல் 1, அதையே 40 மீட்டருக்கு அப்பாலிருந்து உதைத்தால் 2. பந்தை முன்னோக்கி வீசக் கூடாது, முன்னோக்கி நழுவவிடவும் கூடாது. நழுவியதை வீடியோ அறையான பங்கர் திரும்பப் பார்க்கலாம். முன்னோக்கி வீசியதா என்பதில் மட்டும் பங்கர் தலையிடாது. நடுவரின் கண்தான் தீர்ப்பு. அரங்கில் எழும் கூச்சலில் பெரும்பங்கு இதைப் பற்றியது. கண்ணால் பார்த்த கோணத்தை நம்பி நீங்களும் தாராளமாகக் கத்தலாம்.

மைதானம் ஓகானல் தெருவில் இருக்கும் காம்பேங்க் ஸ்டேடியம். 2019இல் திறந்தது, 30,000 பேர் உட்காரலாம். வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் பரமட்டா. அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட் வழியே கால் மணி நேர நடை. வெஸ்ட்மீட்காரர்களுக்கு 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய டிராம் வசதி. பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஸ்கொயரில் இறங்கிக்கொள்ளலாம். காரைக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளே போகத் தெரிந்தவர்களுக்கு வெளியே வரும்போதுதான் ஞானம் பிறக்கும்.

டிக்கெட் வாங்கும்போது விலைக்கு முன்னால் திசையைப் பாருங்கள். ஞாயிறு மாலை 4.05 ஆட்டத்துக்குக் கிழக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மேற்கு ஸ்டாண்டுக்கு வெயில் முதுகுப் பக்கம். ஜூன் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், அதே ஆட்டத்தில் முதல் பாதிக்குத் தொப்பியும் இரண்டாம் பாதிக்குக் கனத்த ஜாக்கெட்டும் வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு போர்வையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. சைவக்காரர்களுக்கு உள்ளே நிச்சயமாகக் கிடைப்பது சிப்ஸ்தான். ஹாரிஸ் பார்க்கில் தோசையோ சாட்டோ முடித்துவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

மெம்பர்ஷிப்பில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று. மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லீக்ஸ் கிளப்பின் மெம்பர்ஷிப் வேறு, அணியின் மெம்பர்ஷிப் வேறு. முன்னது சாப்பாடு, மது, சூதாட்ட மெஷின் எல்லாம் உள்ள கட்டடத்துக்குள் போவதற்கான அட்டை. அதைக் காட்டினால் ஆட்டத்துக்கு சீட் கிடைக்காது. அந்த மெஷின்கள் பக்கம் போகாமல் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அணியின் மெம்பர்ஷிப்பிலும் சீட்டோடு வருவது, சீட் இல்லாமல் வருவது என்று வகைகள் உண்டு. ஆண்டுதோறும் தானாகப் புதுப்பித்துக் கார்டில் பணம் எடுக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் வருஷம் தனித்தனி டிக்கெட்டே போதும். எல்லா ஆட்டத்துக்கும் போக முடியாவிட்டால் இலவச சேனல் நைன் வியாழன் இரவு, வெள்ளி இரவு, ஞாயிறு மாலை ஆட்டங்களைக் காட்டுகிறது. மிச்சம் காயோ என்ற ஸ்ட்ரீமிங் சேவையில், காசு கட்டி.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் பக்கத்து சீட்காரரோடு பேச்சு ஓடும். பரமட்டா 1947இல் போட்டிக்குள் வந்தது. 1981, 82, 83, 86 என்று நான்கு கோப்பை. 1981 வெற்றி இரவில் ரசிகர்கள் சொந்த மைதானமான கம்பர்லேண்ட் ஓவலையே கொளுத்திவிட்டார்கள். 1986 இறுதிப்போட்டி 4-2. இரு பக்கமும் ஒரு டிரைகூட இல்லை. அதற்குப் பிறகு 2001, 2009, 2022 மூன்று இறுதிப்போட்டியிலும் தோல்வி. 2001இல் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி, நியூகாசிலிடம் இடைவேளையிலேயே 24-0 பின்தங்கியது. 2009இல் தோற்கடித்த மெல்பர்ன், ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பை மீறியதால் பிற்பாடு பட்டத்தை இழந்தது. ஆனாலும் கோப்பை பரமட்டாவுக்கு வரவில்லை. அதை நியாயம் கேட்டுக் கொதிக்கும் முன் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2016இல் அதே குற்றத்துக்காக லீக் பட்டியலில் பரமட்டாவின் 12 புள்ளிகளையும் வெட்டினார்கள்.

ஆபீசில் டிப்பிங் போட்டிக்குக் கூப்பிட்டால் தயங்காமல் சேருங்கள். வாரம் முழுக்க ஜெயிக்கும் அணிகளைக் குறிப்பதுதான் வேலை. விலாங்குக் குணத்துக்கு மன்னிப்பு உள்ள ஒரே இடம் இது; மனசு பரமட்டாவோடு இருந்தாலும் டிக் எதிரணிக்கு விழும், எல்லாரும் செய்வதுதான். பெரும்பாலும் வியாழன் இரவு முதல் ஆட்டத்தோடு பட்டியல் மூடிவிடும். மறந்துபோனால் பல போட்டிகளில் வெளியூர் அணியையே உங்கள் தேர்வாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது பரமட்டா சொந்த மைதானத்தில் ஆடும் வாரத்தில் நீங்கள் மறந்தால், நீங்கள் பரமட்டாவுக்கு எதிராகப் போட்டதாகவே பட்டியலில் நிற்கும், பெயரோடு.