சேர்க்கை முடியும்வரை

மே 19
மகளுக்கு இதழியல் கல்லூரி தேடல். அட்டையில் ஸ்டூடியோ படம், உள்ளே வேலைவாய்ப்புச் சதவீதம் என்று வந்த பளபளப்பான கையேடுகளை ஓரமாக வைத்தாயிற்று. பாடத்திட்டம் போதும், அதிலும் இரண்டாம் ஆண்டுப் பகுதி. முதலாண்டு மொழித்தாள், தொடர்பியல் அறிமுகம் என்று எங்கும் ஒரே மாதிரிதான். செய்தி சேகரிப்பு, எடிட்டிங், ஊடகச் சட்டம், தரவு ஆகிய நான்குக்கும் எத்தனை கிரெடிட் என்று கூட்டினால் சாயம் வெளுத்துவிடும். ஒரு கல்லூரியில் விளம்பரமும் மக்கள் தொடர்பும் குறும்படமும் பாதிக்கு மேல். இதழியல் பட்டத்தின் பெயரில் மட்டும்.

மே 21
கல்லூரிகளிடம் கேட்டது: வகுப்பில் எத்தனை பேர்? பதில் இல்லை.

மே 22
இன்றும் இல்லை. இந்த ஓர் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு 600 சொல்லில் ஒரு செய்தி எழுதினால், 15 பேர் வகுப்பில் ஆசிரியர் 9,000 சொல் படிக்க வேண்டும். 60 பேர் என்றால் 36,000. வரிவரியாக யார் படிப்பது? மேலாகப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் நடக்கும். மற்றவர் கை பட்டு, திரும்பி வந்து, மறுபடி எழுதினால்தான் செய்தி எழுத வரும். அமெரிக்காவில் இதழியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, செயல்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான்.

மே 25
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, திருத்தப்பட்ட தன் பிரதி ஒன்றைக் காட்டினாள். முதல் பத்தியில் "பரபரப்பு ஏற்பட்டது" அடிக்கப்பட்டிருக்கிறது. ஓரத்தில், "யார் சொன்னது?" "அதிகாரிகள் தெரிவித்தனர்" மேல் வட்டம்: "எந்த அதிகாரி? நேரிலா, போனிலா?" இறந்தவரின் வயது பக்கத்தில், "ஆவணத்தில் பார்த்தாயா?" அடியில் "மூன்றாவது வரைவு" என்று தேதியோடு. எவ்வளவு அழகான தாள்! அவள் கல்லூரிக் கட்டடம் பழசாம். இருக்கட்டும்.

மே 26
மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908இல் இதழியல் பள்ளி திறந்த அன்றே மாணவர்களின் செய்தித்தாளும் வெளிவந்தது. அந்த அளவுகோலை விட மனமில்லை. மாணவர் பத்திரிகை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வெளியாகும் முன் நிர்வாகம் படிக்கிறதா, பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுகிறார்களா? கல்லூரிக் கட்டண உயர்வைப் பற்றி அதில் ஒரு செய்தியாவது வந்திருக்க வேண்டும். ஆண்டு விழாப் படங்கள் மட்டும் இருந்தால் அது மலர், பத்திரிகை இல்லை.

மே 28
ஸ்டூடியோ கல்லூரியிலிருந்து பதில் வந்தது. 60. ஒரே ஆசிரியர்.

மே 29
மகளுக்கு அந்த ஸ்டூடியோ மேல் ஆசை. தப்பில்லை. ஆனால் கேமரா எத்தனை, ஒருவர் எத்தனை நாள் வெளியே எடுத்துப் போகலாம், மாலை ஆறு மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா? நாலரைக்குப் பூட்டிவிட்டால், மாலையில் நடக்கும் கூட்டத்தை அன்றிரவே எழுதிக் கொடுக்கும் பழக்கம் எப்படி வரும்?

மே 31
இன்டர்ன்ஷிப் பட்டியலில் நிறுவனப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தப் பிரிவு என்று இல்லை. சந்தைப்படுத்தல் பிரிவில் நான்கு வாரம் உட்கார்ந்தாலும் அதே பெயர்தான் வரும். போன ஆண்டு போனவர்களின் பெயரில் வெளியான செய்திகளைக் கேட்க வேண்டும். இடம் பிடித்துத் தருவது துறையா, மாணவரே அலைய வேண்டுமா என்பதையும்.

ஜூன் 1
பழைய கட்டடத்துக் கல்லூரியில் 18 பேர்.

ஜூன் 2
பதினெட்டு! ஆனால் ஊடகச் சட்டம் ஒரு பருவம்தான், அதுவும் விருப்பப் பாடம். அவதூறும் நீதிமன்ற அவமதிப்பும் தெரியாமல் ஒரு பிள்ளை நீதிமன்றச் செய்தி எழுதப் போகக் கூடாது. நாளை பத்து மணிக்குத் துறைத்தலைவருடன் போன். அந்தப் பாடத்தை நடத்துவது வழக்கறிஞரா, மாணவர்களை விசாரணைக்கு உட்கார அனுப்புகிறார்களா, எழுதியதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.