துக்கச் செய்திக்குக் கீழே ஒரு ரோஜா

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் ஒரு ரோஜாப் படத்தை 'இனிய காலை வணக்கம்' என்ற வாசகத்துடன் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். இருபது நிமிடங்களுக்கு முன்புதான் பெரியப்பா இறந்துவிட்ட செய்தியை அவருடைய மகன் அதே குழுவில் போட்டிருந்தான் என்பது, என் ரோஜா அதன் அடியில் போய் உட்கார்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. பதறிப்போய் அழித்தேன், ஆனால், செய்தி நீக்கப்பட்டது என்று சொல்லும் அந்தச் சாம்பல் நிற வரி அங்கேயே நின்றது.

ஃபார்வர்டு செய்வதற்குக் குழுவைத் திறக்கவே வேண்டியதில்லை. பட்டியலில் குழுவின் பெயரைத் தொட்டால் போதும். அங்கே கடைசியாக யார் என்ன எழுதினார்கள் என்பது கண்ணில் படாது. வதந்திகளைத் தடுப்பதற்காக, ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. என்னைப் போன்ற காலை வணக்கக்காரர்களுக்கு அந்த ஐந்தே தாராளம்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது என்பதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவன் நான். வாசலில் பந்தலையும் கூட்டத்தையும் கண்டதுமே குரல் தானாகத் தாழ்ந்துவிடும். கைப்பேசியில் அந்த வாசல் இல்லை. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு, ஒரு மடலுக்குப் பதில் எழுதுமுன் வந்திருக்கும் மற்ற மடல்களின் தலைப்புகளையாவது பார்த்துவிடச் சொல்கிறது. உதவி கேட்டவரே அடுத்த மடலில் 'இனி வேண்டாம்' என்று எழுதியிருக்கக்கூடும் அல்லவா?

காரியம் முடிந்த பிறகு தம்பியிடம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். "அதை யாருண்ணே பார்த்தா? எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கன்னு கேட்டவங்களுக்குப் பதில் சொல்லித்தான் மாளலை" என்றான். மாலை மூன்று மணி என்பதையும், வீட்டு முகவரியையும், எந்த மயானம் என்பதையும் அவன் முதல் செய்தியிலேயே தெளிவாக எழுதியிருந்தான். அதன் கீழே 'ஆழ்ந்த இரங்கல்' என்றும் கூப்பிய கைகளாகவும் எழுபதுக்கு மேல் குவிந்ததில் (அதில் ஒன்று என்னுடையது) அச்செய்தி எங்கோ மேலே போய்விட்டது. விரலால் நாலு தடவை தள்ளிப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள், கொள்ளி வைக்க வேண்டியவனையே தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள். இரங்கலை அவனுக்குத் தனியாக அனுப்பியிருந்தால், அவன் ஆற அமர இருக்கும்போது படித்திருப்பான்.

தை மாதம் அத்தை வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தபோது, அதை 24 மணி நேரத்துக்குக் குழுவின் தலைப்பகுதியில் பின் செய்து வைத்தேன். அப்படியும் நான்கு பேர் நேரம் கேட்டார்கள்; அத்தை மகன் கைப்பேசியை எடுப்பதற்கு முன்பாக நானே பதில் எழுதினேன்.