குவீன்ஸ் குளிரும் ரூம் ஹீட்டரும்

நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் குடிவரும் நம்மவர்களில் பலருக்கு முதல் வீடு ஏதாவது ஒரு பழைய செங்கல் அடுக்குமாடியில்தான் அமைகிறது. ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேட்டர் இருக்கும். அடித்தளத்துப் பாய்லரிலிருந்து நீராவி ஏறிவரும்போது அது டங் டங் என்று தட்டும், பிறகு உஸ்ஸென்று சீறும். அந்தச் சத்தம் கேட்டால் இன்னும் சற்று நேரத்தில் வீடு சூடாகிவிடும். எப்போது கேட்கும் என்பது நம் கையில் இல்லை. பாய்லர் கட்டட உரிமையாளரின் பொறுப்பு.

நாங்கள் வந்த முதல் ஜனவரியில் இரவு ஆனால் ரேடியேட்டர் சில்லென்று கிடந்தது. "ஒரு ஹீட்டர் வாங்கிப் போட்டுக்கோங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார்கள் அக்கம்பக்கத்தில். வாங்கினோம். ஆனால் செருகுவதற்கு முன் என் கணவர், ஊரில் மின்வாரியத்தில் வேலை பார்த்த தன் சித்தப்பாவுக்கு போன் போட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பவர் பிளக் எங்கே இருக்கு?" என்பதுதான்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் தனி பவர் பிளக் உண்டு. தடித்த பின், பெரிய சுவிட்ச், 15 ஆம்பியர். அதைச் சின்ன 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகவே முடியாது. இது அதிகக் கரண்ட் இழுக்கும் சாமான் என்று பிளக்கைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். இங்கே அந்த அடையாளம் இல்லை. போன் சார்ஜர் போகும் அதே துளையில்தான் 1500 வாட் ஹீட்டரும் போகிறது. இங்கே 120 வோல்ட் என்பதால் 1500 வாட்டுக்கு 12.5 ஆம்பியர் ஓடும். அறைக்கு வரும் சர்க்கியூட்டோ பெரும்பாலும் 15 ஆம்பியர்தான். ஹீட்டர் ஒன்றே அதில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதே லைனில் மைக்ரோவேவைப் போட்டால், அளவு மீறும்போது கரண்டை நிறுத்தும் பிரேக்கர் விழுந்துவிடும்.

பிரேக்கர் விழுந்தால் பயமில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. பயப்பட வேண்டியது அது விழாத இடத்தில். ஹீட்டரை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் அந்த 12.5 ஆம்பியர் மணிக்கணக்கில் அதற்குள் ஓடுகிறது. வயர் சூடேறும், மேலுறை இளகும். ஆனால் 15 ஆம்பியர் பிரேக்கரைப் பொறுத்தவரை அளவு மீறவில்லை, அது பேசாமல் இருக்கும். பிரேக்கர் காப்பாற்றுவது சுவருக்குள் போகும் வயரை. கடையில் வாங்கி நாம் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டிய வயரை அது காப்பாற்றாது. ஏழெட்டு துளை உள்ள பவர் ஸ்டிரிப்புக்கும் இதே கதைதான். ஹீட்டர் நேராகச் சுவர் சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும், அதில் வேறெதுவும் இருக்கக் கூடாது.

அந்தச் சுவர் சாக்கெட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் பலர் செருகிச் செருகி உள்ளே பிடிப்புத் தளர்ந்திருக்கும். தெரிந்த வீடொன்றில் பிளக் தலை தொங்கியபடி நின்றது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாகத் தீய்ந்த வாடை. பிடிப்பு சரியில்லாத இடத்தில்தான் சூடு கூடும். ஹீட்டர் போட்டு அரைமணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் ஹீட்டரை அணைத்துவிட்டு அந்த சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பா, மாமியார். இவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. கும்பகோணத்திலிருந்து வந்த என் அம்மா ஹீட்டரைக் காலடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்லோகம் சொல்லுவாள். சால்வை நுனி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து கம்பிவலை மேல் படும். இங்கே தீயணைப்புத் துறை சொல்லும் அளவு மூன்றடி: கட்டில், திரைச்சீலை, சோபா, துணி எதுவும் அதற்குள் வரக் கூடாது. நாங்கள் தரையில் டேப் ஒட்டிக் காட்டினோம். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும்; சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், வந்தால் ஆறவும் நாளாகும். அவர்களுக்குக் கம்பளிச் சாக்ஸும் இன்னொரு ரஜாயும்தான் நல்லது. குழந்தைத் துணியை, உள்ளே எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் மேல் உலர்த்தும் வழக்கத்தையும் அன்போடு, ஆனால் கண்டிப்பாக, நிறுத்த வேண்டும்.

2022 ஜனவரி 9 அன்று இதே நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. காரணம் ஒரு மின்சார ஹீட்டரின் கோளாறு. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். காம்பியா நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே நிறைய. நெருப்பு மேல்மாடிகளுக்குப் போகவில்லை, புகைதான் போனது. தீப்பிடித்த வீட்டின் கதவு தானாக மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. அதனால்தான் ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு ஓடச் சொல்கிறார்கள். உங்கள் வாசற்கதவு விட்டால் தானாகச் சாத்திக்கொள்கிறதா என்று இன்றே பாருங்கள். மிளகாய் தாளித்தாலும் சாம்பிராணி போட்டாலும் கத்துகிறது என்று ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருக்கும் வீடுகள் நம்மவர்களிடம் உண்டு. தயவுசெய்து அதைத் திரும்ப மாட்டுங்கள்.

ஹீட்டர் வாங்கும்போது, பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் யூஎல் அல்லது ஈடிஎல் முத்திரை, தெர்மோஸ்டாட், சாய்ந்தால் தானாக அணையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் ஹீட்டர் இந்த நகரத்து வீடுகளில் கூடாது. கேஸ் ஓவனைத் திறந்து வைத்துக் குளிர் காய்வதும் வேண்டாம், அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. படுக்கப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 12 யூனிட், அந்தக் கணக்கும் இருக்கிறது.

இத்தனைக்கும் சட்டப்படி அந்தச் சூடு நமக்கு வந்தே ஆக வேண்டும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், காலை 6 முதல் இரவு 10 வரை வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும். அது 20 செல்சியஸ். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே எப்படி இருந்தாலும், 62 டிகிரி, கிட்டத்தட்ட 17 செல்சியஸ். வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு, விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நம்மவர்கள் வாயே திறப்பதில்லை. இதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தேதி, நேரம், டிகிரி மூன்றையும் எழுதி வையுங்கள். முதலில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிடம் சொல்லுங்கள். நடக்கவில்லையென்றால் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-ஐக் கூப்பிடுங்கள். நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் எங்கள் ரேடியேட்டர் இரவிலும் தட்ட ஆரம்பித்தது. மாடியில், கீழே, எதிரே இருப்பவர்களையும் தனித்தனியாகப் புகார் செய்யச் சொல்லுங்கள்.