மேலாளரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா

ஒரு கால்பந்துக் கழகத்தில் ஆறு ஆண்டுகள் ஆட்டப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றினேன். ஆட்டம் முடிந்த இரவே ஒளிப்பதிவை முதல் நிமிடத்திலிருந்து ஓடவிட்டு, கோலை நோக்கிய ஒவ்வோர் உதையும் எந்த இடத்திலிருந்து, எத்தனை தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே அடிக்கப்பட்டது என்று குறித்து, மறுநாள் காலையில் மேலாளரின், அதாவது அணியைத் தேர்ந்து ஆட்டத்தை வகுக்கும் தலைமைப் பயிற்சியாளரின், மேசையில் அறிக்கையாக வைப்பது என் வேலை. அந்த ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை, தோல்விமேல் தோல்வி கண்ட அணியின் மேலாளரை நீக்கலாமா என்று நிர்வாகக் குழு கூடிப் பேசியபோது நானும் அந்த அறையில் அமர்ந்திருந்தேன். முதல் முறை நீக்கினார்கள், இரண்டாம் முறை வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே தவறான முடிவுகள் என்று இன்று உறுதியாக நினைக்கிறேன். இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

முதல் மேலாளரை நீக்கியபோது அணி 11 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்தது. ஆனால் என் கையிலிருந்த கணக்கு வேறு விதமாக இருந்தது. எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்கள்) என்று ஆட்டத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு அது: இதே போன்ற இடத்திலிருந்து முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான உதைகளில் எத்தனை கோலாயின என்று பார்த்து, ஒவ்வோர் உதைக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பைத் தருவார்கள். பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பெனால்டி எல்லைக்கு வெளியே வெகு தொலைவிலிருந்து அடித்தால் மிகச் சொற்பமே கிடைக்கும். அந்த 11 ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் எங்கள் அணி எதிரணியைவிட நல்ல வாய்ப்புகளை உருவாக்கியிருந்தது. முதன்மைக் கோல்காப்பாளரும் முன்கள வீரர் ஒருவரும் காயத்தால் வெளியே இருந்தார்கள். பயிற்சி முடிந்த பிறகும் இளம் வீரர்கள் மைதானத்தை விட்டுப் போகாமல், துணைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கி இன்னும் 20 நிமிடம் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இவை அனைத்தும் எனக்குத் தெரிந்திருந்தும், கூட்டத்தில் என்னிடம் நேரடியாக யாரும் கேட்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை.

அவர் அறையைக் காலி செய்த அன்று மாலை என்னை அழைத்து, அடுத்த எதிரணியைப் பற்றித் தாம் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொடுத்தார். "அவர்களுடைய இடது பின்கள வீரர் முன்னேறிப் போனால் திரும்ப நேரமாகும். புதிதாக வருபவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றோம். கோல் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. காயமடைந்திருந்தவர்கள் திரும்பினார்கள், வாய்ப்புகள் கோலாகத் தொடங்கின, ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி கிடைத்தது. புதியவர் வந்ததால் அணிக்கு உயிர் வந்தது என்று எல்லோரும் பேசினார்கள். அவர் நல்ல மனிதர், திறமையானவரும்கூட. ஆனால் என் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஆட்டத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

இது எங்கள் கழகத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கை வைத்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் செய்த ஆய்வு, மேலாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவுக்குச் சரிந்தும் மேலாளரை நீக்காத அணிகளையும் ஒப்பிட்டது. இரு வகை அணிகளும் ஏறத்தாழ ஒரே விதமாகவே மீண்டெழுந்தன. வழக்கத்தைவிட மோசமாகப் போன ஒன்று வழக்கமான நிலைக்குத் திரும்புவது இயல்பு. மேலாளரைப் பெரும்பாலும் மிக மோசமான கட்டத்தில்தான் மாற்றுகிறார்கள். அதனால் அந்த இயல்பான மீட்சிக்கான பெயர் அடுத்தவருக்குப் போய்விடுகிறது.

பொறுமையாக இருங்கள் என்று சொல்பவர்கள் எப்போதும் அலெக்ஸ் ஃபெர்குசனைக் காட்டுவார்கள். 1986 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேலாளராக வந்தவர், 1989-90 பருவத்தில் அணியை 13-ஆம் இடத்தில்தான் முடித்தார். 1990 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு எதிராக, லீக்கிலிருந்து தனியான எஃப்ஏ கோப்பைப் போட்டியின் ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த கோல் அவருடைய பதவியைக் காப்பாற்றியது என்று இன்றும் சொல்லப்படுகிறது. அந்தக் கோப்பையை அவர் வென்றார். லீக் பட்டம் 1993-இல்தான் வந்தது. 2013-இல் விலகியபோது யுனைடெட்டில் மட்டும் அவர் பெயரில் 13 லீக் பட்டங்கள் இருந்தன. இந்தக் கதையில் நான் கவனிப்பது கோலை அல்ல. தோற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே அவர் இளையோர் அணியையும் திறமை தேடும் பணியையும் அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற கிக்ஸ், பெக்காம், கேரி நெவில் ஆகியோர் ஆடிய அணி 1992-இல் இளையோர் எஃப்ஏ கோப்பையை வென்றது. புள்ளிப்பட்டியலில் தெரியாத அந்த வேலை, கழகத்துக்குள் இருந்தவர்களின் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது.

நீக்கியது சரியாக அமைந்த நிகழ்வுகளும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. செல்சி கழகம் 2012 மார்ச்சில் மேலாளர் வில்லாஸ்-போவாஸை நீக்கிவிட்டு, அவருடைய துணையாளரான டி மாத்தியோவிடம் பொறுப்பைக் கொடுத்தது. மே மாதம் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. லெஸ்டர் சிட்டிக்கு 2016-இல் யாரும் எதிர்பாராத லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்த ரனியேரியை, 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். எனக்கு அது மிகவும் வலித்தது. ஆனாலும் அந்த அணி அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது. அதே வீரர்கள் ஒரே வாரத்தில் இப்படி மாறுகிறார்கள் என்றால், காயமும் அதிர்ஷ்டமும் மட்டுமே அதற்கு விளக்கமாக முடியாது என்பது என் கணிப்பு. அவருக்கும் வீரர்களுக்கும் இடையே ஏதோ ஒன்று அதற்கு முன்பே அறுந்திருக்க வேண்டும்.

அப்படி அறுந்ததைத்தான் இரண்டாம் மேலாளரின் காலத்தில் நான் பார்க்கத் தவறினேன். முதல் முறை பேசாமல் இருந்த குற்ற உணர்வு என்னைத் தள்ளியது. அணி மீண்டும் சரிந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து, எக்ஸ்ஜி கணக்கைக் காட்டி, இந்த முறையும் துரதிர்ஷ்டம்தான், அவசரப்பட வேண்டாம் என்று வாதாடினேன். கணக்கு பொய்யல்ல. ஆனால் அது நான் பார்த்த ஒரே கணக்கு. ஒளிப்பதிவைக் காட்டி நான் நடத்தும் கூட்டங்களில் வீரர்கள் முன்பெல்லாம் மறுத்துப் பேசுவார்கள். "நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில்தான் நின்றேன்" என்று வாதிடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன். வீரர்கள் அணியும் ஜிபிஎஸ் கருவியின் பதிவுகளைப் பருவம் முடிந்த பிறகு பிரித்துப் பார்த்தேன்: ஓடிய மொத்தத் தொலைவு குறையவில்லை, ஆனால் பந்தை இழந்தவுடன் திரும்பி விரைந்தோடும் ஓட்டங்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. மேலாளருக்காகத் திரும்பி ஓட வீரர்கள் விரும்பவில்லை. பட்டியலின் அடியில் முடிந்து, அணி கீழ்ப்பிரிவு லீக்குக்கு இறங்கியது.

காலம் தாழ்த்தி நீக்குவதும் பயன் தருவதில்லை. 2015-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியும் மேலாளர் ஷான் டைச்சை வைத்துக்கொண்ட பர்ன்லி கழகம், மறு ஆண்டே பட்டத்துடன் மேலே திரும்பியது. அதே கழகம் 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் மீதமிருக்கையில் அவரை நீக்கியது, ஆனாலும் இறங்கியது. இழப்பீட்டுத் தொகை, கூடவே போகும் துணைப் பயிற்சியாளர்கள், புதியவர் கேட்கும் வீரர்கள் என்று செலவுகள் வேறு இருக்கின்றன.

ஆகவே இன்று யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால், பயிற்சி மைதானத்தில் வீரர்கள் இன்னும் அவரோடு வாதிட்டுச் சண்டையிடுகிறார்களா என்றுதான் முதலில் விசாரிப்பேன். சண்டையிடுகிறார்கள் என்றால் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்தாலும் அவரை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இரண்டாம் மேலாளர் விடைபெற்ற அன்று, தமக்காகக் கூட்டத்தில் பேசியதற்கு என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நிர்வாகக் குழுவிடம் பேசுவதற்குப் பதிலாக, வீரர்கள் வாதிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை நான் பிப்ரவரியிலேயே அவரிடம் சொல்லியிருந்தால், அவர்களைத் திரும்பப் பெற அவருக்கு மூன்று மாதங்கள் இருந்திருக்கும்.