பின்கட்டில் ஒரு புது அறை

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்கு வந்த பங்காளிகள் ஊர் திரும்பும் முன் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார்கள். ஆத்தாவுக்குப் பின்கட்டை ஒட்டி ஒரு படுக்கை அறை, அதோடு சேர்ந்த கழிப்பறை. இப்போது இரவில் எழுந்தால் வளவை, அதாவது நடு முற்றத்தைக் கடந்து, நிலைப்படிகளைத் தாண்டி, கிணற்றடி வரை போகவேண்டியிருக்கிறது. இந்தச் செட்டிநாட்டு வீடுகளைக் கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள். முழங்கால் வலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஜனவரி 22

சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் வந்தார், சின்ன வயதுப் பெண். முகப்பில் நின்று நேரே பார்த்தார்: பட்டாலை என்னும் கூடம், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரிந்தது. "இந்தப் பார்வைக்குக் குறுக்கே ஒரு செங்கல்கூட வரக்கூடாது ஐயா" என்றார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அறை வடக்குப் பக்கம் ஒதுங்கிவிட்டது. பழைய சுவரைத் தொடாமல் ஒரு முழம் இடைவெளி, மேலே மழைநீர்த் தகரம், நடுவில் ஒரு சின்ன நடை. கொத்தனாருக்கு இது ஆகவில்லை. பழைய சுவரைக் குடைந்து புதுச் செங்கலைச் சொருகினால் ஒரு சுவர்ச் செலவு மிச்சம் என்றார். மேடம் அசையவில்லை. பழைய சுவர் இறங்கவேண்டிய அளவுக்கு எப்போதோ மண்ணில் இறங்கி முடிந்துவிட்டது, புதுச் சுவர் இனிமேல்தான் இறங்கும், இரண்டையும் பிணைத்தால் முதல் மழைக்காலத்திலேயே விரிசல் விடும் என்று விளக்கினார். பழைய அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஆழமாக வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதும் ஆபத்தாம். கொத்தனார் மறுப்புச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

தம்பி வந்திருக்கிறான். அவனுக்கு ஒரே ஆசை: "புதுசு என்று தெரியவே கூடாது அண்ணே." பழைய தேக்குத் தூண் நான்கு, செதுக்கிய வாசல் நிலை ஒன்று வாங்கி வைத்துவிட்டால் அறையும் நூறு வயது வீடாகிவிடுமாம். அதற்காகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு இழுத்துப் போனான்.

தூண்கள் சுவரில் சாய்ந்து நின்றன. பக்கத்தில் கதவுகள், எனாமல் பாத்திரங்கள், யார் வீட்டு ஐயா ஆயாவோ, தாத்தா பாட்டி, படமாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததோடு அங்கே வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் பலருக்கு வருமானம் நின்றது. பிறகு பராமரிக்க ஆளில்லை, பங்கு பிரிக்கவும் வழியில்லை. வீட்டையே கழற்றி விற்றார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாம் நான்கு தூண் வாங்கினால், ஐந்தாவது தூணுக்காக இன்னொரு வளவு இடியும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் இடிப்பு நின்றுவிடவில்லை.

இரவு சாப்பாட்டின்போது மேடம் வெனிஸ் சாசனத்தைச் சொன்னார், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச வழிகாட்டி அது. 1964இல் எழுதியது. பழைய கட்டடத்தில் கூடுதலாகச் சேர்க்கும் வேலை தனித்துத் தெரியவேண்டும், தன் காலத்து முத்திரையோடு இருக்கவேண்டும் என்கிறதாம். "வெனிஸ்காரனுக்கு நம் வளவைப் பற்றி என்ன தெரியும்?" என்றான் தம்பி. நியாயமான கேள்விதான். பதில் வெனிஸில் இல்லை, அவன் உட்கார்ந்திருந்த பட்டாலையிலேயே இருந்தது. ஐயா காலத்தில் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்து இறங்கியபோது அத்தனையும் புத்தம் புதுச் சரக்கு. இரண்டாம் கட்டில் இரும்புத் தூண் நட்டவர்கள் அதை மரம் போலச் செதுக்கி யாரையும் ஏமாற்றவில்லை.

தம்பி தூணைக் கைவிட்டான். நிலையை விடவில்லை.

பிப்ரவரி 16

புது அறைக்கு நடை திறக்கிற இடத்தில் பழைய சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. முன்பு யாரோ அடியில் சிமெண்ட் பூசிவிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பைத் தள்ளி, பூச்சைப் பெயர்க்கும். அதனால் அதைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்பு. ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இது மெல்லக் கல்லாகும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். நல்ல பூச்சுக்காரர் கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பது போல. பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், கூலியும் அந்த மாதிரிதான்.

மார்ச் 9, திங்கள்

புது அறை தன் கால்களில் நிற்கிறது. இரும்புச் சட்டம், செங்கல், மேலே ஓடு. தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது சிமெண்ட் டைல். கண்ணாடிப் பலகை மேல் கையால் வண்ணம் ஊற்றி வார்ப்பதால் மெருகு கல்லோடே வருகிறது. கழிப்பறைக்கு மட்டும் அது கூடாது என்று மேடம் பிடிவாதமாக மறுத்தார். ஈரத்தில் வழுக்கும், ஆசிட் பட்டால் மெருகே போய்விடும். அங்கே சொரசொரப்பான கருங்கல். குழாய்கள் புதுப் பக்கத்துத் தரைக்கு அடியில் ஓடுகின்றன, பழைய தரையில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கவில்லை.

வாசலில் நிலைப்படி கிடையாது. ஆத்தாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "படி இல்லாத வீடு என்ன வீடு?" என்கிறார். கைப்பிடியை மட்டும் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

மார்ச் 21

ஆத்தா குடிபோய்விட்டார். தம்பி வாங்கிய நிலை இன்னும் முகப்பில் சாத்தியே கிடக்கிறது, அதைப் பொருத்த எந்தச் சுவரிலும் இடமில்லை. இதற்கிடையில் மேலவீட்டு அண்ணன் போன் செய்தார். தன் பங்குக்கும் இதே மாதிரி ஒரு அறை வேண்டும், செப்டிக் டேங்க் மட்டும் பொதுவில் இருக்கட்டும் என்கிறார். டேங்க் செலவைப் புள்ளிக் கணக்கில் (கல்யாணமான ஜோடிக்கு ஒன்று) பிரிப்பதா, பயன்படுத்துகிறவர் மட்டும் கொடுப்பதா என்று படைப்புக்கு எல்லோரும் கூடும்போது பேசவேண்டும்.