பந்தை விட்டுட்டு காலைப் பாக்கற வேலை

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடா யாரும் தடுக்காம போடற ஷாட்) போடும்போது அரங்கமே பந்தைத்தான் பாக்கும், கூடைக்குப் பின்னாடி பேஸ்லைன்ல நிக்கற லீட் ரெஃப்ரி மட்டும் எதிர்ப்பக்க கோட்டுல இருக்கற ஷூவைப் பாத்துட்டு நிப்பாரு. நான் டிவிஷன் த்ரீ லெவல்ல (காலேஜ் ஆட்டத்துல மூணாவது படி), வீக்கெண்ட்ல விசில் ஊதற ஆளு, எனக்கு இது பழக ரொம்ப நாளாச்சு, ஊர்ல ஆடின காலத்துல இருந்தே பந்து மேல போனா கண்ணும் கூடவே போயிடும்.

ரூல் கேக்க ஈஸிதான். லேன், அதாவது கூடைக்கு முன்னாடி இருக்கற செவ்வகம், அதோட ஓரமா அதிகபட்சம் ஆறு பேர், டிஃபன்ஸ் நாலு, ஷூட் பண்ற டீம் ரெண்டு (ஃபிபாங்கற சர்வதேச ரூல்ல ஆடினவங்களுக்கு அஞ்சு பேர்தான் பழக்கம், ஷூட்டருக்கு டைமும் அங்க 5 செகண்ட், இங்க 10). அந்த ஆறு பேரும் ஷூட்டர் கையை விட்டு பந்து கிளம்பின உடனே உள்ள வரலாம். ஷூட்டரும், த்ரீ பாயின்ட் கோட்டுக்கு வெளிய நிக்கறவங்களும் பந்து ரிம்லயோ போர்டுலயோ படற வரைக்கும் காத்திருக்கணும்.

விவகாரமே தண்டனைலதான். டிஃபன்ஸ் ஆள் முந்தினா நாங்க கையை நீட்டி வச்சுட்டு வெயிட் பண்ணுவோம், பந்து உள்ள போச்சுன்னா பாயின்ட் உண்டு, அதோட விட்டுடுவோம், போகலன்னா இன்னொரு ஷாட். ஷூட்டரோட ஆள் முந்தினா உடனே விசில், பந்து உள்ள போனாலும் பாயின்ட் கிடையாது, கடைசி ஷாட்டா இருந்தா பந்தும் எதிர் டீமுக்கு. அதாவது டிஃபன்ஸ் பண்ற தப்பு பாதி நேரம் யார் கண்ணுலயும் படாமலே போயிடும்.

2012 என்சிஏஏ (அமெரிக்க காலேஜ்) டோர்னமென்ட்ல சேவியர் கூட நோட்டர் டேம் ஆடினப்ப இதான் ஆச்சு, 2.8 செகண்ட் பாக்கி, நோட்டர் டேம் ரெண்டு பாயின்ட் பின்னாடி, அவங்க ஃப்ரீ த்ரோ உள்ள போயிடுச்சு, ஆனா வெளிய நின்ன அவங்க டீம் ஆளு முன்னாடியே ஓடி வந்துட்டாரு, பாயின்ட் கேன்சல், மேட்ச் 67-63ன்னு சேவியருக்குப் போச்சு. அந்த நேரத்துல போய் ஊதணுமான்னு இன்னும் கேக்கறாங்க. ஊதத்தான் வேணும்ங்க, மொத பாதில விட்டுட்டு கடைசில ஊதினாத்தான் அது அநியாயம்.

அதனால நான் மொத ஃப்ரீ த்ரோலயே பேசிடுவேன், பந்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி விரலைக் காட்டி "ரெண்டு ஷாட், கையை விட்டதும் வாங்க"ன்னு. அப்புறமும் முந்தினா ஆட்டம் ஆரம்பிச்சு மூணாவது நிமிஷமா இருந்தாலும் விசில்தான், இதுக்கெல்லாமா ஊதுவன்னு கோச் முறைப்பாரு, முறைக்கட்டும், அடுத்த ஷாட்டுக்கு பசங்க ஒழுங்கா நிப்பாங்க.

ரொம்ப கஷ்டம் ரெண்டு டீமும் ஒண்ணா அசையறதுதான். நிஜமாவே ஒரே நேரம்னா டேபிள்ல ஆரோ (பந்து அடுத்து எந்த டீமுக்குன்னு காட்டற அம்புக்குறி) யார் பக்கம்னு பாக்கணும், ஆனா ஷூட்டர் பொய்யா கையத் தூக்கி டிஃபண்டரை உள்ள இழுத்திருந்தா தப்பு ஷூட்டர் மேல மட்டும்தான், அதை சைடுல நிக்கற சென்டர் ரெஃப்ரிதான் பாத்திருக்கணும், நான் அவரைப் பாப்பேன், அதுக்குள்ள ரெண்டு கோச்சும் கத்த ஆரம்பிச்சிருப்பாங்க.